ஒளியை மருந்தாக்கிய மேதை – நீல்ஸ் ஃபின்சென்

(இறுதியாண்டு மாணவன், மின்னியல் துறை)



மின்விளக்கைத் தந்தவர் யார் என்று நம்ம வகுப்பில் கேட்டால் எடிசன் என்று ஒரே குரலில் பதில் வரும். அந்த மின்விளக்கையே நோய்க்கு மருந்தாக்கியவர் யார் என்று கேட்டால்? கடைசி பெஞ்சு மட்டுமல்ல, முதல் பெஞ்சும் கப்சிப் ஆகிவிடும்!

இன்று பல வீடுகளில் சமையலறைச் சுவரில் ஒரு பெட்டி தொங்குகிறது. கிணற்றுத் தண்ணீரையோ போர் தண்ணீரையோ அதற்குள் விட்டால், உள்ளே ஒரு சிறிய குழல் விளக்கு எரிகிறது. மறுபக்கம் குடிக்கிற தண்ணீர் வருகிறது. கொதிக்க வைக்கவில்லை, மருந்து கலக்கவில்லை. வெறும் வெளிச்சம் கிருமியை முடித்துவிடுகிறது. வெளிச்சத்தால் கிருமியை வெல்லலாம் என்பதை ஆய்வுக்கூடத்து மேசையிலிருந்து எடுத்து, மனிதருக்குப் பயன்படும் ஒரு கருவியாக ஆக்கிக் காட்டியவர் நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சென். டென்மார்க் நாட்டின் முதல் நோபல் பரிசு அவருடையதுதான். அவர் தண்ணீரைத் தொட்டவர் அல்ல; தோல் நோயைத் தொட்டவர். ஆனாலும் அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அந்தச் சுவர்ப் பெட்டி எப்போது வேலை செய்யும், எப்போது கைவிடும் என்பதும் தெரிந்துவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மந்தமான மாணவன்!

ஐரோப்பாவின் வடக்கே, அட்லாண்டிக் கடலுக்கு நடுவே ஃபாரோ தீவுகள் என்று ஒரு தீவுக் கூட்டம் இருக்கிறது. டென்மார்க் அரசுக்கு உட்பட்டது. மேகமும் மழையும் காற்றும்தான் அங்கே வழக்கம். குளிர்காலத்தில் சூரியன் தலைகாட்டுவதே சில மணி நேரம்தான். அந்தத் தீவுகளின் தலைநகரான டோர்ஸ்ஹவுனில் 1860 டிசம்பர் 15 அன்று ஃபின்சென் பிறந்தார். தந்தை ஐஸ்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தீவின் நிர்வாகத்தில் அதிகாரி. நீல்ஸுக்கு நாலு வயதானபோதே தாய் இறந்துபோனார்.

1874இல் டென்மார்க்கிலுள்ள ஒரு விடுதிப் பள்ளிக்கு அவரை அனுப்பினார்கள். அவருடைய அண்ணனும் அதே பள்ளிதான். அண்ணன் நன்றாகப் படித்தார். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. நல்ல மனசுள்ள பையன்தான், ஆனால் திறமையும் சுறுசுறுப்பும் போதாது என்று தலைமை ஆசிரியர் எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணனோடு தம்பியை ஒப்பிட்டுப் பேசுவது நம்ம ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எல்லா ஊரிலும் அதே கதைதான் போலிருக்கிறது!

பிறகு 1876இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில், தன் தந்தை படித்த பழைய பள்ளியில் சேர்ந்தார். அங்கேயும் அவர் முதல் மாணவர் அல்ல. பள்ளிப் படிப்பை முடிக்கும்போது வயது 21. வகுப்பில் 15 பேர். அவருக்குக் கிடைத்த இடம் 11. நண்பர்களே, இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதினோராவது இடத்தில் நின்ற அந்தப் பையன்தான் பின்னாளில் நோபல் பரிசு வாங்கினார். அவருக்கு மேலே நின்ற பத்துப் பேரின் பெயரை இன்று யாரும் கேட்பதில்லை.

நோயாளியே மருத்துவர்

1882இல் மருத்துவம் படிக்க டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்கு வந்தார். வந்த மறு ஆண்டே உடம்பு சரியில்லாமல் போயிற்று. இதயம், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றைச் சுற்றியுள்ள சவ்வு மெல்ல மெல்லத் தடித்து, அந்த உறுப்புகளை இறுக்கி வேலை செய்யவிடாமல் தடுக்கிற நோய். அன்று அதற்கு மருந்து கிடையாது. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தது சுமார் இருபது ஆண்டுகள், அத்தனையும் நோயோடுதான்.

அவர் குடியிருந்த வீடு வடக்குப் பார்த்தது. நம்ம ஊரில் வடக்குப் பார்த்த வாசல் என்றால் குளிர்ச்சி, நல்லது என்போம். அங்கே வடக்கு என்றால் வெயிலே வராது! இரத்தசோகை, எந்நேரமும் களைப்பு. கொஞ்சம் வெயில் பட்டால் உடம்பு தேறுமோ என்று அவருக்குத் தோன்றியது. வெயிலில் போய் உட்கார்ந்தார். உடம்புக்கு இதமாக இருந்தது. ஆனால் ஏன் இதமாக இருக்கிறது என்பதற்கு அவர் படித்த மருத்துவப் புத்தகங்களில் பதில் இல்லை. கூரைமேல் படுத்திருந்த ஒரு பூனை, நிழல் வர வர வெயிலை நோக்கி நகர்ந்து நகர்ந்து படுத்ததைப் பார்த்து அவருக்கு இந்தச் சிந்தனை வலுத்தது என்றும் சொல்வார்கள். ஓர் உயிருக்கு வேண்டிய ஏதோ ஒன்று வெயிலில் இருக்கிறது. அது என்ன என்று தேடத் தொடங்கினார்.

1890இல் மருத்துவப் பட்டம் பெற்றார். கல்லூரியின் உடற்கூற்றியல் துறையிலேயே பாடத்துக்காக உடல்களை அறுத்துத் தயார் செய்து தரும் வேலை கிடைத்தது. 1892இல் இங்கபோர்க் என்ற பெண்ணை மணந்தார். நிலையான சம்பளம், புதிய குடும்பம், உடம்பிலோ நோய். யாராக இருந்தாலும் அந்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். அவரோ 1893இல் வேலையை விட்டுவிட்டார்! மாணவர்களுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்த வருமானத்தில் குடும்பத்தை ஓட்டிக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் ஒளி ஆராய்ச்சியில் இறங்கினார்.

அவருக்கு முன்னே

எதுவும் ஒருவராலேயே முளைப்பதில்லை. 1801இல் ஜெர்மனியில் ரிட்டர் என்பவர், முப்பட்டகத்தால் பிரிந்து விழும் வானவில் நிறங்களில் ஊதாவுக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் சில்வர் குளோரைடு தாளை வைத்தார். தாள் கறுத்தது! கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று அங்கே இருக்கிறது என்று தெரிந்தது. அதுதான் புற ஊதாக்கதிர். 1877இல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர் சூரிய ஒளி பட்ட குழாய்களில் பாக்டீரியா வளரவில்லை என்று கண்டார்கள். வெப்பத்தால் அல்ல, ஒளியாலேயே. அதிலும் நீலம், ஊதாப் பக்கத்து ஒளிக்குத்தான் அந்த வேலை என்றும் கண்டார்கள்.

ஆக விதை இருந்தது. விதைத்து அறுவடை செய்ய ஆள் இல்லை. ஃபின்சென் வந்தார்.

மனைவியின் காது மடலில் ஒரு சோதனை

அவர் செய்த சோதனைகள் எல்லாம் நம்ம லேபிலேயே செய்யக்கூடிய அளவுக்கு எளிமையானவை. தன் முன்கையில் கறுப்பு மையால் பட்டையாகக் கோடு போட்டு வெயிலில் காட்டினார். மை பூசாத தோல் சிவந்து வெந்தது. மைக்கு அடியிலிருந்த தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறம் ஒளியைத் தடுக்கிறது என்று தெரிந்தது.

அடுத்தது இன்னும் அழகு. மனைவியின் காது மடலுக்குப் பின்னால் சில்வர் குளோரைடு தாளை வைத்து, முன்பக்கத்திலிருந்து நீல ஊதா ஒளியைப் பாய்ச்சினார். 5 நிமிடம் ஆகியும் தாள் கறுக்கவில்லை. பிறகு இரண்டு கண்ணாடித் துண்டுகளால் காது மடலை அழுத்தி இரத்தத்தை விலக்கிவிட்டு அதே ஒளியைப் பாய்ச்சினார். 20 விநாடியில் தாள் கறுத்துவிட்டது! ஒளியைத் தடுத்தது தோல் அல்ல, இரத்தம்!

நண்பர்களே, ஃபின்செனின் முழு வாழ்க்கைப் பாடமும் இந்தச் சின்னச் சோதனைக்குள் அடங்கியிருக்கிறது. விளக்கு எவ்வளவு பலமானது என்று மற்றவர்கள் கேட்டபோது, விளக்குக்கும் கிருமிக்கும் இடையில் நிற்பது எது என்று அவர் கேட்டார். அந்த ஒரு கேள்விதான் அவரை நோபல் பரிசு வரை கொண்டு போயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் சொன்னது எல்லாமே நிலைத்துவிடவில்லை. பெரியம்மை நோயாளிகளைச் சிவப்புத் திரை போட்ட அறையில் வைத்தால் தழும்பு குறையும் என்று 1893இல் எழுதினார். அன்று பலர் பின்பற்றினார்கள். ஆனால் அந்த முறை காலத்தின் சோதனையில் நிற்கவில்லை. நிலைத்து நின்றது அவருடைய அடுத்த முயற்சி.

மின் நிலையத்தில் ஒரு மருத்துவமனை

அந்தக் காலத்தில் லூபஸ் என்ற தோல் காசநோய் ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. முகத்தில் வரும். மூக்கையும் கன்னத்தையும் உதட்டையும் மெல்ல மெல்லத் தின்றுவிடும். உயிர் உடனே போகாது. ஆனால் முகம் போய்விடும். வேலை தர மாட்டார்கள், பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அறுத்தெடுப்பதும் சூடு வைப்பதும்தான் வைத்தியம்.

காசநோய்க் கிருமியும் பாக்டீரியாதானே, ஒளியால் அதைக் கொல்ல முடியாதா என்று ஃபின்சென் யோசித்தார். ஆனால் டென்மார்க்கில் சூரியனை நம்பி வைத்தியம் செய்ய முடியுமா? பாதி நாள் மேகம்! அதனால் அவர் போன இடம் மருத்துவமனை அல்ல. கோபன்ஹேகன் மின்சார நிலையம்! அங்கேதான் கார்பன் ஆர்க் விளக்கும் அதற்கு வேண்டிய மின்சாரமும் இருந்தன. 1895 நவம்பரில் முதல் நோயாளி வந்து உட்கார்ந்தார். அவர் பெயர் மோகன்சென். அவரும் ஒரு பொறியாளர்தான். பல ஆண்டுகளாக முகத்தில் லூபஸ்; எத்தனையோ சிகிச்சை பார்த்தும் பலனில்லை. நாள்தோறும் மின் நிலையத்துக்கு வந்து விளக்கொளியைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டார். சில மாதங்களில் புண் ஆறத் தொடங்கியது!

ஆர்க் விளக்கு நமக்குப் புதிதல்ல. ஒர்க் ஷாப்பில் வெல்டிங் அடிக்கும்போது பார்க்கிறோமே, அதே குடும்பம்தான். இரண்டு கார்பன் கம்பிகளைத் தொடவைத்து, மின்சாரம் பாயும்போது சற்றே விலக்கினால் இடைவெளியில் சுடர் பற்றிக்கொள்ளும். அந்த வெளிச்சத்தில் புற ஊதா ஏராளம். மாஸ்க் இல்லாமல் வெல்டிங் பார்த்தவன் ராத்திரி முழுக்கக் கண்ணில் மண் விழுந்த மாதிரி துடிப்பானே, அது அந்தக் கதிரின் வேலைதான்.

ஆனால் ஆர்க் விளக்கை அப்படியே முகத்தில் காட்டினால் கிருமிக்கு முன்னே முகம் வெந்துவிடும். இங்கேதான் ஃபின்செனின் பொறியியல் மூளையைப் பார்க்க வேண்டும். அவர் மூன்று தடைகளை நீக்கினார்.

ஒன்று, சாதாரணக் கண்ணாடி புற ஊதாவின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால் ஆர்க் விளக்குக் கருவிக்குக் குவார்ட்ஸ் என்னும் படிகக் கல்லைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு, ஒளியோடு வரும் வெப்பம். அதைக் குறைக்க ஒளி செல்லும் குழாய்க்குள் தண்ணீரை நிறுத்தினார். தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டு நீல ஊதா ஒளியை விட்டுவிடும். மூன்று, இரத்தம். தண்ணீர் ஓடிக் குளிரும்படி அமைத்த ஒரு படிக வில்லையைப் புண்மேல் வைத்து நர்ஸ் அழுத்திப் பிடித்துக்கொள்வார். இரத்தம் விலகும், ஒளி ஆழமாக இறங்கும். ஒரு விளக்கைச் சுற்றி நாலு குழாய்கள். ஒரே நேரத்தில் நாலு பேருக்குச் சிகிச்சை. ஒரு தடவைக்கு ஒரு சிறு நாணயம் அளவு இடம்தான் ஆறும். அடுத்த நாள் அடுத்த இடம். பொறுமை, பொறுமை, மேலும் பொறுமை!

1896இல் ஃபின்சென் ஒளி நிலையம் தொடங்கப்பட்டது. அதற்குப் பண உதவி செய்தவர்களில் ஒருவர் ஹாகெமன் என்ற பொறியாளர். அவர் பின்னாளில் கோபன்ஹேகன் பாலிடெக்னிக்கின் இயக்குநராக இருந்தவர் என்பதை நம்ம பாலிடெக்னிக் மாணவர்கள் சற்றே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு படிக்கலாம்! நூற்றுக்கணக்கான நோயாளிகள் அந்த நிலையத்துக்கு வந்தார்கள், பெரும்பாலோர் குணமடைந்தார்கள். டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்து அரச குடும்பத்துக்கு மருமகளாகப் போன அலெக்ஸாண்ட்ரா, 1900இல் லண்டன் மருத்துவமனைக்கு ஃபின்சென் விளக்கை அறிமுகம் செய்தார்.

பரிசு வந்தது, எழுந்து போக முடியவில்லை

1902இல் மருத்துவ நோபல் பரிசு மலேரியாவுக்காக ரொனால்ட் ராஸுக்குப் போனது. அவர் அந்த ஆராய்ச்சியைச் செய்தது நம்ம இந்தியாவில், செகந்தராபாத்தில். அடுத்த ஆண்டு, 1903இல், அதே பரிசு ஃபின்செனுக்கு வந்தது. அதே ஆண்டுதான் இயற்பியல் பரிசை மேரி கியூரி தன் கணவரோடும் பெக்கரலோடும் பகிர்ந்துகொண்டார். ஆனால் ஃபின்செனால் பரிசு பெற்றவர்கள் நிகழ்த்தும் நோபல் உரையை நிகழ்த்த முடியவில்லை. அதற்குள் சக்கர நாற்காலிதான் அவருக்குத் துணையாகிவிட்டது. பரிசுப் பணத்தில் 50,000 குரோனரை ஒளி நிலையத்துக்கும், 60,000 குரோனரை இதயம், கல்லீரல் நோயாளிகளுக்காகத் தான் அமைத்த மருத்துவ இல்லத்துக்கும் கொடுத்துவிட்டார்.

கடைசிக் காலத்தில் அவருடைய ஆராய்ச்சிப் பொருள் அவரே. சாப்பிடும் உப்பு உடம்பில் எப்படித் தங்குகிறது என்று தன் உடம்பிலேயே அளந்து, உப்புக் குறைந்த உணவின் பயனை 1904இல் எழுதினார். அந்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று காலமானார். வயது 43 மட்டுமே!

101 ஆண்டு கழித்து ஒரு வியப்பு

2005இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் எஞ்சியிருந்த ஃபின்செனின் லென்ஸுகளை எடுத்து அளந்து பார்த்தார்கள். 340 நானோமீட்டருக்குக் கீழே உள்ள குட்டை அலை புற ஊதா அந்த லென்ஸுகளைத் தாண்டவே இல்லை! அவர் எந்தக் கதிர் குணப்படுத்துகிறது என்று நம்பினாரோ அந்தக் கதிர் நோயாளியிடம் போய்ச் சேரவே இல்லை. பிறகு எப்படிக் குணமாயிற்று? காசநோய்க் கிருமிக்குள் போர்பிரின் என்ற நிறமிப் பொருள் இருக்கிறது. 400 நானோமீட்டர் அருகிலுள்ள ஊதா ஒளியை அது வாங்கிக்கொண்டு வீரியமான ஒருவகை ஆக்சிஜனை உண்டாக்குகிறது. அந்த ஆக்சிஜன் கிருமியை அதன் உள்ளிருந்தே கொன்றிருக்க வேண்டும் என்று விளக்கம் சொன்னார்கள். இதனால் ஃபின்செனின் பெருமை குறையவில்லை. ஆறிய முகங்கள் ஆறியவைதான். ஆனால் இடையில் நிற்பது எது என்று கேட்டவருடைய கருவியிலேயே ஒரு தடை மறைந்து நின்றிருக்கிறது! பலன் கிடைத்துவிட்டது என்பதற்காக அளந்து பார்ப்பதை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

தோலிலிருந்து தண்ணீருக்கு

ஃபின்சென் காட்டிய வழியில் விளக்குகள் வளர்ந்தன. 1901இல் அமெரிக்காவின் கூப்பர் ஹியூவிட் பாதரச ஆவி விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். குவார்ட்ஸை உருக்கிக் குழாயாக்கும் கலை ஜெர்மனியில் கைகூடியது. 1910இல் பிரான்சின் மார்செய் நகரில் குடிநீரைப் புற ஊதாவால் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். ஆனால் விளக்குகள் அடிக்கடி பழுதாயின. குளோரின் மலிவாகக் கிடைத்தது. அதனால் ஒளி கொஞ்ச காலம் ஓரமாக நின்றது.

இன்று வீட்டுப் பெட்டிக்குள் எரிவது நம்ம டியூப் லைட்டின் உடன்பிறப்புதான். டியூப் லைட்டிலும் பாதரச ஆவிதான் புற ஊதாவை உண்டாக்குகிறது. உள்ளே பூசிய வெள்ளைப் பொடி அதை வெளிச்சமாக மாற்றிவிடுகிறது. கிருமி கொல்லும் குழலில் அந்தப் பொடி கிடையாது. புற ஊதாவை விடுகிற சிறப்புக் கண்ணாடியோ குவார்ட்ஸோதான் உறை. 254 நானோமீட்டர் கதிர் நேரே வெளியே வரும். கிருமியின் டி.என்.ஏ. அந்தக் கதிரை விழுங்கும். அதன் படிகள் ஒன்றோடொன்று தப்பாக ஒட்டிக்கொள்ளும். கிருமியால் பெருக முடியாது. பெருக முடியாத கிருமியால் நோய் தர முடியாது.

கணக்கும் எளிது. ஒளியின் செறிவையும் நேரத்தையும் பெருக்கினால் அளவு வரும். வீட்டுக் கருவிகளுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் என்பது பரவலாக ஏற்ற அளவு. 4 மில்லிவாட் செறிவு என்றால் 10 விநாடி தண்ணீர் அதில் நிற்க வேண்டும். குழாயை முழுசாகத் திறந்து 5 விநாடியில் ஓடவிட்டால் பாதி அளவுதான். தண்ணீர் கலங்கி, ஒளியில் பாதியை மண்ணே விழுங்கிவிட்டால் அதிலும் பாதி!

இங்கே எங்கள் தெருவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கிணற்றுக்கு உறை இறக்குகிற வேலை செய்கிறவர். மழைக்காலத்தில் எந்தக் கிணற்றில் எப்படித் தண்ணீர் கலங்கும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கடன் வாங்கி இப்படி ஒரு பெட்டி மாட்டினார்கள். விற்றவர் விளக்கு எரிந்தால் போதும், எந்தக் கிருமியும் தப்பாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஐப்பசி மழையில் கிணறு செம்மண் நிறமாகக் கலங்கியது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் வந்தது. அக்கா, பெட்டி கெட்டுப் போகல, தண்ணி கலங்கியிருக்கு, வெளிச்சம் உள்ள போகாது என்று நான் போய்ச் சொன்னேன். ஃபின்சென் காது மடலில் கண்ட அதே உண்மைதான்! அங்கே இரத்தம், இங்கே சேறு. மண்துகளின் நிழலில் கிருமி பத்திரமாக ஒளிந்துகொள்ளும்.

ஆகவே நண்பர்களே, வீட்டில் போய்ச் சொல்ல வேண்டியவை சில. முதலில் தெளிவு, பிறகுதான் ஒளி. கலங்கிய தண்ணீரை வடிகட்டித் தெளியவைத்த பிறகே கருவியில் விட வேண்டும். நம்ம பாட்டிமார் பானைக்குள் தேற்றாங்கொட்டையை இழைத்து மண்ணைப் படியவைத்தது வெறும் பழக்கம் அல்ல, அறிவுதான். கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்ததாக இருந்தால் குழலைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் உறையில் வெள்ளையாகப் படியும். கரண்டை நிறுத்திவிட்டு எலுமிச்சை உப்புக் கரைசலால் துடைக்க வேண்டும். குழல் நீலமாக எரிவதாலேயே வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. நாம் பார்ப்பது நீலத்தை, கிருமியைக் கொல்லும் கதிர் கண்ணுக்கே தெரியாது. அது ஓராண்டில் வலு குறைந்துவிடும், மாற்ற வேண்டும். எரியும் குழலை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. புளோரைடு, நைட்ரேட், உப்பு எதையும் ஒளி நீக்காது. வெளியே வந்த தண்ணீரில் மறுபடி அழுக்குக் கை பட்டால் ஒளி வந்து காப்பாற்றாது. கரண்ட் போனால் கருவியும் இல்லை. அப்போது கொதிக்க வைப்பதுதான் கதி.

இதே கேள்வியைச் சரியாகக் கேட்ட இன்னொருவர் மும்பையில் பிறந்த அசோக் காட்கில். 1992இல் சென்னையில் தலைகாட்டிய ஒரு புதிய வகைக் காலரா வங்கம் வரை பரவியது. அதைக் கண்டு மனம் நொந்து, அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் ஒரு கருவியை உருவாக்கினார். குழலைத் தண்ணீருக்குள் முக்காமல் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டார். உறையே இல்லை என்றால் உறையில் அழுக்கு எப்படிப் படியும்! நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் தண்ணீர் அதில் சுத்தமாகும்.

கரண்டே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பெய்ரூட் நகரில் அஃப்டிம் அக்ரா என்ற பேராசிரியர் 1980களில் காட்டிய முறை அது. தெளிந்த தண்ணீரை 2 லிட்டருக்கு மேற்படாத, கீறல் இல்லாத தெளிவான பாட்டிலில் நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்கவைக்க வேண்டும். மேகமாக இருந்தால் 2 நாள். பாட்டிலைத் தாண்டி உள்ளே போவது சூரியனின் நீண்ட அலைப் புற ஊதா. கிட்டத்தட்ட ஃபின்செனின் லென்ஸைத் தாண்டிப் போன அதே ஒளிதான்! வெயில் கிடைக்காத ஊரில் பிறந்து வெயிலுக்கு ஏங்கியவர் அவர். நமக்கோ வெயிலுக்குப் பஞ்சமே இல்லை.

முடிவாக

வகுப்பில் பதினோராவது இடம். இருபது ஆண்டு தீராத நோய். விட்டுவிட்ட வேலை. மேகம் மூடிய நாடு. இத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதர் ஆயிரக்கணக்கானோர் முகத்தைத் திருப்பிக் கொடுக்கும் சிகிச்சையை உருவாக்கினார். பிற்காலத்தில் காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்தபின் அவருடைய விளக்குகள் ஓய்வெடுத்துக்கொண்டன. அவர் கேட்ட கேள்வி மட்டும் ஓய்வெடுக்கவில்லை.

நாளைக்கு நம்மில் பலர் இப்படிப்பட்ட கருவிகளை மாட்டவும் பழுது பார்க்கவும் போகப் போகிறோம். விளக்கு எரியுதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். அது தெளிவாக இல்லையென்றால் அந்த வீட்டு அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஒரு குழந்தையின் உயிர் அந்த ஒரு வார்த்தையில் இருக்கலாம். ஃபின்செனுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே!